காவிரிக் கரையில் அப்பாருவின் பழைய சாயப்பட்டறை இடம்: கடை, ஆபீஸ், ஃபிளாட் கட்டக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பட்டறைப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. பள்ளிபாளையம் பக்கம் காவிரியை ஒட்டி எங்களுக்கு நாலரை ஏக்கர் இருக்கிறது. அப்பாரு காலத்தில் முதலில் நூலுக்குக் கஞ்சி போடுகிற மில், அப்புறம் சாயப்பட்டறை. மூடிப் பல வருஷம் ஆச்சு. இப்போது இருப்பது ஓடு வேய்ந்த நீளமான ஷெட் இரண்டு, பாய்லர் ரூம், செங்கல் புகைபோக்கி ஒன்று, மிச்சமெல்லாம் சீமைக்கருவேலம். அப்பா, பெரியப்பா, அத்தை மூன்று பேருக்கும் பங்கு உண்டு.

ஒரு பில்டர் வந்திருக்கிறார், பெயர் வேண்டாம். முன்பக்கம் இரண்டு தளம் கடையும் ஓட்டலும், அதற்கு மேல் ஆபீஸ், ஆற்றைப் பார்த்த மாதிரி இரண்டு டவர் ஃபிளாட், மண்ணுக்கு அடியில் இரண்டு அடுக்கு பார்க்கிங், கரையோரம் நடைபாதை. இடம் எங்களது, செலவு அவரது, கட்டி முடித்ததில் எங்களுக்கு 40 சதவீதம். லேப்டாப்பில் படம் காட்டினார். அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றங்கரையாம், லண்டனில் பழைய பவர் ஹவுஸை மாலாக்கினார்களாம். எங்கள் இடத்துப் படத்தில் ஆறு நீலக் கலரில் ஓடுகிறது, நான் பிறந்ததிலிருந்து அந்தக் கலரில் அதைப் பார்த்ததே இல்லை.

பெரியப்பா நாளைக்கே கையெழுத்துப் போடத் தயார். அத்தை, புகைபோக்கியைத் தொட்டால் பங்கே தரமாட்டேன் என்கிறார். அப்பா "நீயே விசாரிச்சுச் சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டார். முதலில் எதைப் பார்க்கணும்?

ஓய்வு ஓவர்சியர்:

தம்பி, ஆற்று வேலையிலேயே முப்பது வருஷம் ஓட்டியவன் சொல்கிறேன், படத்தை மூடி வைத்துவிட்டு பாய்லர் ரூம் சுவரைப் போய்ப் பாருங்க. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தது, பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று கரையோர வீடுகளுக்குள் புகுந்து சனங்களைப் பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் தங்க வைத்தார்கள். அணை 120 அடியைத் தொட்டுவிட்டால் அப்புறம் மேலே இருந்து வருவதைப் பிடித்து வைக்க இடமில்லை, வந்தது வந்தபடி கீழேதான். அந்த வெள்ளக் கறை சுவரில் இருக்கும். தரையிலிருந்து எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. அந்த இடத்தில் மண்ணுக்கு அடியில் இரண்டு அடுக்கு பார்க்கிங் என்கிறவர் ஆடி, ஆவணியில் இங்கே வந்து பார்க்காதவர்.

அடுத்தது எல்லை. பட்டாவில் நாலரை ஏக்கர் என்றால் அத்தனையும் உங்களது என்று எடுத்துக்கொள்ளாதீங்க. எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடமும், எந்த நிலம் யாருடையது என்று எழுதியிருக்கிற 'அ' பதிவேடும் வாங்கி, ஆற்றுப் புறம்போக்கு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று சர்வேயரை வைத்து அளக்கணும். பட்டறைக்காரர்கள் ஒவ்வொரு தலைமுறையும் வேலியை ஐந்தடி பத்தடி ஆற்றுப் பக்கம் தள்ளிப் போட்டிருப்பார்கள், நான் பார்க்காத கதையா. பில்டர் போட்ட நடைபாதை முழுக்கப் புறம்போக்கில் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

கொடிவேரி மாப்ளே:

வித்துட்டுப் போங்க பங்காளி. மூணு பங்கு, நாப்பது சதவீதம், இதுல சண்டை வராமலா இருக்கும்.

பட்டறைப் பேரன்:

அத்தை இருக்கிற வரை விற்பனைப் பேச்சே இல்லீங்க.

கட்டடக்காரி:

நான் கோவையில் ஆர்க்கிடெக்ட். ஓவர்சியர் அய்யா மேலே இருக்கிற தண்ணீரைச் சொல்லிவிட்டார், நான் கீழே இருக்கிற மண்ணைச் சொல்கிறேன். சாயம் நூலில் ஏறுவதற்கு மூட்டை மூட்டையாக உப்பு போட்டிருப்பார்கள், சாதா உப்பும் சோடியம் சல்பேட்டும். அத்தனை வருஷமும் அது மண்ணுக்குள்தான் இறங்கியிருக்கும். குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், சல்பேட் கான்கிரீட்டையே அரிக்கும். சேறு கொட்டி மூடிய குழி எங்கே என்று பட்டறையில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்க, அந்த இடத்தில் தவறாமல் போர் போட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் லேபுக்கு அனுப்பணும். குழிக்குள் கழிவு கிடந்தால் அதை லாரியில் அள்ளி எங்கேயோ கொட்ட முடியாது, அனுமதி பெற்ற கிடங்குக்குத்தான் போகணும், அதற்குப் பெரிய செலவு ஆகும். அதை யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் உங்கள் 40-லிருந்துதான் போகும். நொய்யல் ஆற்று ஒரத்துப்பாளையம் அணையை நம் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டி முடித்தார்கள், கடைசியில் சாயத் தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளே திறக்காதே என்று சொல்கிற நிலைமைக்கு வந்தது.

இனி கணக்கு. நாலரை ஏக்கர் என்றால் சுமார் 1.96 லட்சம் சதுர அடி. எஃப்எஸ்ஐ, அதாவது இடத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற கணக்கு, 2 என்று வைத்தாலே 3.9 லட்சம் சதுர அடி கட்டலாம். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை, அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடியைத் தாண்டினால் மாநில அளவில் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும். உங்கள் பில்டர் இதைச் சொன்னாரா? டவர் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டட விதி வரும், முன்னால் இருக்கிற ரோடு அதற்கேற்ற அகலம் இருக்கணும். பள்ளிபாளையத்தில் நான் பார்த்த பட்டறைச் சந்துகளில் இரண்டு டெம்போ எதிரெதிரே வந்தாலே ஒன்று பின்னால் போகணும்.

இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்பதால் 10 சதவீதத்தைப் பொதுவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டிவரும். எல்லோரும் அதை மூலையில் ஒதுக்கிவிடுவார்கள். நான் என்றால் ரோட்டிலிருந்து ஆற்றங்கரை வரை நீட்டிக் கொடுப்பேன். ஊர்ச் சனம் பொழுதோட வந்து நடக்கட்டும். கீழே இருக்கிற கடைக்கு யாவாரம் ஆவதும் அவர்களால்தான்.

ஹாம்பர்க்கில் ஹாஃபன்சிட்டி என்று பழைய துறைமுகத்தைப் புது ஊராக்கியிருக்கிறார்கள், 157 ஹெக்டேர். சுற்றிலும் சுவர் எழுப்பித் தண்ணீரைத் தடுக்கவில்லை. கட்டடங்களைக் கடல் மட்டத்துக்கு மேல் எட்டு ஒன்பது மீட்டர் உயரத்தில் மேடை போட்டு நிறுத்திவிட்டு, நீரோரப் பாதைகளைத் தாழ்வாகவே விட்டிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் பாதை மூழ்கும், வடிந்ததும் கழுவிவிடுவார்கள். பார்க்கிங் அந்த மேடைக்கு உள்ளேயே. உங்களுக்கு அந்த வழிதான் சரிப்படும். வீடும் ஜெனரேட்டரும் லிஃப்ட் மோட்டாரும் கறைக்கு மேலே, நடைபாதை கறைக்குக் கீழே.

ஷெட்டை இடிக்க வேண்டாம். கூரை ஓடுகளை இறக்கி, மரத்தையும் இரும்பையும் பரிசோதித்து, ஓட்டலுக்கும் சந்தைக்கும் அதையே எடுக்கலாம். இடையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஏதாவது மாட்டியிருந்தால் அதை மட்டும் தெரிந்தவரை வைத்துக் கழற்றுங்க. புகைபோக்கி விஷயத்தில் அத்தை பக்கம்தான் நானும்.

லண்டன் ஈரோட்டான்:

பில்டர் காட்டிய பவர் ஹவுஸ் பேட்டர்சீயாகத்தான் இருக்கும். நான் அதற்குப் பக்கத்தில் நாலு வருஷம் குடியிருந்தேன், அதனால் படத்தில் வராததைச் சொல்கிறேன். 1983-ல் மின் உற்பத்தி நின்றது, கடைகள் திறந்தது 2022 அக்டோபரில். நடுவில் கேளிக்கைப் பூங்கா கட்டுகிறேன் என்று ஒருத்தர் கூரையைப் பிரித்தார், பணம் தீர்ந்து போச்சு, கட்டடம் வருஷக்கணக்கில் மழையில் நனைந்தது. 2012-ல் மலேசியக் கம்பெனிகள் சேர்ந்து வாங்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. நான்கு புகைபோக்கியும் துருவேறிப் போயிருந்ததால் இறக்கிவிட்டு அதே வடிவத்தில் மறுபடி கட்டினார்கள் (அத்தையிடம் இதைச் சொல்லிவிடாதீங்க). கட்டுப்படியாகும் விலையில் 636 வீடு என்று ஒப்புக்கொண்டதை 2017-ல் செலவு ஏறிப்போச்சு என்று 386 ஆகக் குறைத்தார்கள்.

அங்கே கூட்டம் வருவது தேம்ஸைப் பார்க்க என்று நினைக்காதீங்க. 2021-ல் பாதாள ரயிலை அங்கே வரை நீட்டினார்கள், அப்புறம்தான் ஆபீசும் கடையும் பிடித்தது. உங்கள் இடத்துக்கு ஈரோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்? பாலத்தில் நிற்கிற நேரத்தையும் சேர்த்துச் சொல்லணும்.

ஓய்வு ஓவர்சியர்:

சபர்மதியும் விட்டுப்போச்சு. அங்கே நிற்கிற தண்ணீர் நர்மதை வாய்க்காலிலிருந்து விட்டது, கீழே வாசனா தடுப்பணை பிடித்து வைத்திருக்கிறது. கரையில் குடிசை போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியே அனுப்பினார்கள். நமக்குத் தண்ணீருக்குக் குறையில்லை, வெண்டிபாளையம் கதவணை பிடித்து வைக்கிறது. ஆனால் பிடித்து வைத்த தண்ணீரில் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்தே நிற்கும். ஆற்றோர ஓட்டலில் வைகாசி மாசம் மூக்கைப் பிடித்துக்கொண்டா சாப்பிடுவார்கள்? உங்கள் வளாகத்துக் கழிவுநீரையாவது அங்கேயே சுத்தப்படுத்தி மறுபடி பயன்படுத்துகிற மாதிரி கேளுங்க. மழைநீர் போகிற குழாய்க்குக் கதவு வையுங்க, இல்லையென்றால் வெள்ளத்தில் அதே குழாய் வழியாக ஆறு உள்ளே வரும்.

பெருந்துறை ஆடிட்டர்:

இரண்டு விஷயம் மட்டும். இடம் மூன்று பேர் பெயரில் தனித்தனியாக இருக்கிறதா, பழைய பார்ட்னர்ஷிப் ஃபர்ம் பெயரில் இருக்கிறதா பாருங்க. தனிநபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும், பதிவு செய்த ஒப்பந்தமாக இருந்தால், மூலதன ஆதாய வரி நிறைவுச் சான்று கிடைக்கிற வருஷத்தில்தான் வரும். ஃபர்முக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்புறம், ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஃபிளாட் வாங்குகிறவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவீதம் தனிக் கணக்கில் போகணும். பில்டர் முழுப் பவர் எழுதிக் கேட்பார், அவர் பங்கு அளவுக்கு மேல் விற்கிற அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீங்க.

பட்டறைப் பேரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்றுப் போய்ப் பார்த்தேன். பாய்லர் ரூம் சுவரில் கறை என் நெஞ்சு உயரத்துக்கு, நாலடிக்கு மேல் இருக்கிறது. பெரியப்பாவைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிற்க வைத்து போட்டோ எடுத்தேன், கையெழுத்துப் பேச்சை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார். இடம் ஃபர்ம் பெயரில்தான் இருக்கிறதாம், அதுவே தனிக் கதை. சேற்றுக் குழியைக் காட்ட ஒரு பெரியவர் கிடைத்திருக்கிறார், மண் எடுக்க ஆளைச் சொல்லியிருக்கிறேன். பில்டரிடம் அடியில் பார்க்கிங் வேண்டாம் என்றதும் அப்படியென்றால் 35 சதவீதம்தான் என்கிறார். புதன்கிழமை சர்வேயர் வருகிறார்.

ஓய்வு ஓவர்சியர்:

வரட்டும். ஆற்றுப் பக்கம் முள்ளை முதலிலேயே வெட்டி வையுங்க, பழைய சர்வே கல் அதற்குள்தான் புதைந்திருக்கும். வேலி ஓரத்தில் வெள்ளையடித்து நிற்கிற கல்லைக் காட்டி ஆரம்பிக்க விடாதீங்க.