ஐ.சி.யூ. படுக்கையில் விழித்திரைப் படம்: புகைமூட்டமாக வருவது ஏன்?

கேள்வி: செப்சிஸில் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் கடும் நிலை) வென்டிலேட்டரில் இருப்பவர்களின் விழித்திரை ரத்தக்குழாய் அகலம் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறோம். கையடக்க ஃபண்டஸ் கேமராதான் (விழித்திரையைப் படமெடுக்கும் கருவி) வைத்திருக்கிறோம். பல படங்கள் மங்கலாக வருகின்றன, விழியும் மேலே ஏறிவிடுகிறது. கண்மணியை விரிக்கும் டிராபிகமைடு சொட்டு மருந்தை விட்டால், மூளை நிலையை அறியச் செய்யும் கண்மணிப் பரிசோதனை கெட்டுவிடும் என்று சிகிச்சைக் குழு தயங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: கேமராவைச் சந்தேகிக்கும் முன் கருவிழியைப் பாருங்கள். கண் உலராமலிருக்க நர்ஸ்கள் போடும் ஆயின்ட்மென்ட்தான் பெரும்பாலும் காரணம். அடுத்த முறை அதைப் போடும் நேரத்துக்குச் சற்று முன் படம் எடுங்கள். சலைனில் நனைத்த காஸ் துணியால் இமையைத் துடைத்து, கண்ணைக் கழுவி, செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். இமைக்காத கண் சட்டென்று உலரும் என்பதால் அரை நிமிடத்துக்கொரு முறை மறுபடி ஒரு சொட்டு வேண்டும். இமையைத் தூக்கும் விரல் கண்குழி எலும்பின் மேல்தான் இருக்க வேண்டும். விழியை அழுத்தினால் இதயத்துடிப்பு குறையலாம். கண் அழுத்தம் ஏறி, நீங்கள் அளக்க வந்த ரத்த ஓட்டமே மாறிவிடும். முடிந்ததும் ஆயின்ட்மென்ட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

பதில் 2: குழு தயங்குவது நியாயமே. தலைக்காயம், மூளை அழுத்தச் சந்தேகம் இருந்தால் சொட்டு மருந்தே வேண்டாம். விளக்கை அணைத்து, திரையை இழுத்து, சில நிமிடம் பொறுத்து எடுங்கள். ஃபென்டனில் என்ற வலி மருந்து ஓடினால் இருட்டிலும் கண்மணி சிறிதாகவே இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு முதலில் கண்மணியைப் பார்த்துக் குறித்துவிட்டு, 1% டிராபிகமைடு ஒரு சொட்டு. 20–30 நிமிடத்தில் விரியும், 4–6 மணி நேரம் நிற்கும். எந்தக் கண், எத்தனை மணிக்கு என்பதைச் சார்ட்டிலும் தலைமாட்டிலும் எழுதுங்கள். ஷிஃப்ட் மாறும்போது வாயாலும் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து ஓடுபவருக்கு ஃபினைல்எஃப்ரின் (கண்மணியை விரிக்கும் இன்னொரு சொட்டு) சேர்க்காதீர்கள்.

மேலேறிய விழியை இழுக்க வேண்டாம், மெதுவாகத் தானே இறங்கும். தலைமாட்டிலிருந்து எடுத்தால் படம் தலைகீழாக வரும், வலக்கண் இடக்கண் போலத் தெரியும். எடுக்கும்போதே எந்தக் கண் என்று பெயரிடுங்கள்.

பதில் 3: படம் எடுத்த நிமிடத்தின் சராசரி ரத்த அழுத்தம், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நார்அட்ரினலின் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) அளவு நான்கும் இல்லாத படத்தை ஒப்பிடவே முடியாது. ஆக்சிஜன் கூடினால் குழாய் சுருங்கும், கார்பன் டை ஆக்சைடு கூடினால் விரியும். விழித்திரைக் குழாய்களுக்குச் சிம்பதெடிக் நரம்பு (குழாயைச் சுருக்கும் தானியங்கி நரம்பு) கிடையாது, விழித்திரைக்குப் பின்னுள்ள ரத்தக்குழாய் அடுக்கான கோராய்டுக்கு உண்டு. ஆகவே இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது. அகலத்தைப் பார்வைத்தட்டின் (பார்வை நரம்பு தொடங்கும் வட்டம்) விளிம்பிலிருந்து அரை முதல் ஒரு தட்டு விட்டம் வரையுள்ள வளையத்தில் அளங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் அது மாறுவதால், பல படங்களின் சராசரி தேவை.

இன்னொன்று: உடல்நிலை மோசமானவர்களுக்குத்தான் வெண்படலம் அதிகம் வீங்கும், படமும் எடுக்க முடியாமல் போகும். கிடைத்த படங்களை மட்டும் எண்ணினால் தேறியவர்களின் கண்களையே ஆராய்ந்ததாகிவிடும். எடுக்க முடியாத ஒவ்வொரு முறைக்கும் காரணத்தைப் பதிவு செய்யுங்கள். கேண்டிடா பூஞ்சைத் தொற்று போன்ற வெள்ளைத் திட்டு கண்ணில் பட்டால் யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள் சொல்வது என்பதையும் ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.