கண்ணடியில் ரத்தக்கட்டு வற்றியும் கருமை மறையவில்லை

கேள்வி:
ஐந்து வாரங்களுக்கு முன்பு கிரிக்கெட் பந்து பட்டதில் இடது கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டி, இமையைத் திறக்க முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது. பார்வைக்கோ எலும்புக்கோ பாதிப்பில்லை என்று கண் மருத்துவர் அன்றே கூறினார். ஊதா நிறம் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்த பின்பும், கீழிமைக்கு அடியில் பிறைபோல ஒரு பழுப்புக் கறை நிற்கிறது. மூசாம்பரத்தை (காய்ந்து இறுகிய கற்றாழைச் சாறு) முட்டை வெள்ளைக்கருவில் குழைத்து ஒரு வாரம் பத்துப் போட்டும் பயனில்லை. இது தானாக மறையுமா?

மறுமொழி 1:
கசிந்த ரத்தம் சிதையும்போதுதான் பச்சையும் மஞ்சளும் தோன்றுகின்றன. அவை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் போய்விடும். ஆனால் ரத்தத்திலிருந்த இரும்பு சில சமயம் தோலுக்கடியிலேயே தங்கி, துருவின் நிறத்தில் மாதக்கணக்கில் தெரியும். இமைத்தோல் மிக மெல்லியது என்பதால் சிறு கறையும் அங்கே எளிதில் கண்ணில் படும். பொறுத்திருங்கள்.

மறுமொழி 2:
இரும்புக்கறையாக இருக்கலாம், எனினும் எனக்கு அந்தப் பத்தின் மீதே சந்தேகம். காய்ந்து இறுகிய பத்தைத் தேய்த்துக் கழுவும்போது தோல் புண்பட்டால், மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் அவ்விடத்தில் நிறமி மிகுதியாகச் சுரந்து கருமை படியும். கழுவும்போது எரிந்ததா? கருமை பத்தின் விளிம்போடு நிற்கிறதா?

கேட்டவர்:
இரண்டுமே ஆம். மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள்; உறையில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று இருக்கிறது. இன்னும் தடவவில்லை.

மறுமொழி 2:
தடவாமல் விட்டதே நல்லது. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவற்றின் பட்டியலில் 2018இல் சேர்க்கப்பட்டது. இமையருகே தொடர்ந்து தடவினால் தோல் மெலிவதோடு கண்ணழுத்தமும் கூடக்கூடும். மற்ற இரண்டும் நிறமியைத்தான் குறைக்கும். கறை இரும்பால் வந்ததென்றால் அவற்றால் பயனில்லை, எரிச்சல் மட்டும் மிஞ்சும்.

பத்தையும் தேய்ப்பதையும் நிறுத்திவிட்டு, வெயிலில் தொப்பியும் துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனும் பயன்படுத்துங்கள், ஏனெனில் வெயில் பட்டால் நிறமிக் கருமை இன்னும் ஆழ்ந்துவிடும். தோல் மருத்துவர் புற ஊதா விளக்கின்கீழ் பார்த்து, நிறமி மேல்தோலில் இருக்கிறதா ஆழத்தில் இருக்கிறதா என்று ஓரளவு கணித்துவிடுவார். மேலே பார்க்கும்போது உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ, கன்னமும் மேலுதடும் மரத்திருந்தாலோ, முதலில் கண் மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள்.

கேட்டவர்:
மரப்பு இல்லை, பார்வையும் தெளிவாக இருக்கிறது. தோல் மருத்துவரிடம் காட்டும்போது களிம்பின் உறையையும் எடுத்துச் செல்கிறேன்.