மிக்ஸியும் மின்னலும்: ‘பெரிய வீடு’ குழுவிலிருந்து

சனிக்கிழமை

காலை 8:41
நான்: சித்தி, இப்போது கீழே மிக்ஸி போட்டீர்களா?

8:43
சித்தி: ஆமாம் பாப்பா, சட்னி அரைத்தேன். ஏன்?

8:44
நான்: 12 கிலோமீட்டரில் மின்னல் என்று என் பெட்டி எழுதியிருக்கிறது. வெளியே சுள்ளென்று வெயில் அடிக்கிறது!

8:46
பெங்களூரு அண்ணன்: எந்தப் பெட்டி?

8:49
நான்: மாடியில் மழைமானியும் வெப்பமானியும் வைத்திருக்கிறேன் இல்லையா அண்ணா, அதோடு சேர்க்க ஒரு மின்னல் உணரி செய்கிறேன். மூன்று வாரமாக இதே வேலைதான். இன்னும் சரியாக வரவில்லை, அதனால்தான் குழுவில் சொல்லவில்லை.

8:52
பெரியம்மா: மாடியில் கம்பி எதுவும் நட்டுவிடாதே அம்மா. இருக்கிற இடியை நாமே வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

8:57
நான்: கம்பியே கிடையாது பெரியம்மா. உள்ளே இருப்பது விரல் நகம் அளவுக்கு ஒரு கம்பிச்சுருள், பக்கத்தில் ஒரு சின்னச் சில்லு, ‘சிப்’ என்பார்களே அது. மின்னல் வெட்டும்போது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தோடு ரேடியோ அலையும் கிளம்புகிறது. அது சுவரையும் தாண்டி வரும். சுருள் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

9:05
மாமா: பெரியம்மாவுக்கு நான் சொல்கிறேன். உங்கள் மாமனார் சாயங்காலம் திண்ணையில் திருச்சி வானொலி கேட்பாரே, நினைவிருக்கிறதா? நடுவில் சடசடவென்று கரகரப்பு வந்தால் “மேற்கே இடி இருக்கு, நெல்லை அள்ளுங்கடா” என்று குரல் கொடுப்பார். அந்தக் கரகரப்புதான் மின்னல். திருச்சி வருவது 936 கிலோஹெர்ட்ஸில். மருமகளே, உன் சுருள் எதில் கேட்கிறது?

9:08
நான்: 500 கிலோஹெர்ட்ஸ் மாமா. தாத்தா ரேடியோவுக்குக் கொஞ்சம் கீழே.

9:09
பெரியம்மா: அப்படியானால் அந்த ரேடியோவே போதுமே அம்மா.

9:14
நான்: அது நன்றாகவே கேட்கும் பெரியம்மா. ஆனால் தாத்தா மாதிரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தச் சில்லு, வந்த அலை எப்படி எழுந்து எப்படி அடங்குகிறது என்று பார்த்து, மின்னலா வேறு ஏதாவதா என்று பிரிக்கிறது. அப்புறம் அலையின் வலுவை வைத்து மேகக்கூட்டத்தின் முன்பக்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கணிக்கிறது. 40 கிலோமீட்டர் வரைக்கும். 27, 24, 20, 17 என்று படிப்படியாகத்தான் காட்டும். எந்தத் திசை என்று சொல்லத் தெரியாது.

9:16
தம்பி: அக்கா, ஏஎஸ் 3935 சில்லா? எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒன்று சும்மா கிடக்கிறது. யாருக்கும் வேலை செய்யவில்லை என்று ஓரமாக வைத்துவிட்டார்கள்.

9:21
நான்: அதேதான்டா. சுருளை ஸ்ருதி சேர்க்காமல் விட்டிருப்பார்கள். சுருளின் அதிர்வெண்ணை 16ஆல் வகுத்து ஒரு காலில் வெளியே கொடுக்கும்படி சில்லிடம் சொல்லலாம். அங்கே 31.25 கிலோஹெர்ட்ஸ் வர வேண்டும். எனக்கு முதலில் 30.0 வந்தது, அதாவது 480. 500லிருந்து மூன்றரை சதவீதத்துக்கு மேல் விலகினால் தூரக் கணக்கு தப்பிவிடும். ஸ்ருதியை மாற்ற உள்ளேயே 8 பிகோஃபாரட் படிகளில் மின்தேக்கி இருக்கிறது. பத்துப் படி குறைத்தேன், 31.2 வந்தது. ஹெர்ட்ஸ் அளக்கிற மல்டிமீட்டர் இருந்தால் போதும், அரை மணி நேர வேலை.

9:22
தம்பி: திங்கட்கிழமையே பார்க்கிறேன்.

9:30
சித்தப்பா: இப்போதுதான் வயலிலிருந்து வந்து படித்தேன். பாப்பா, என் சட்னிக்கும் மின்னலுக்கும் என்ன சம்பந்தம்?

9:36
நான்: மிக்ஸி மோட்டாரில் கார்பன் தேய்கிற இடத்தில் பொறி பறக்கும் சித்தப்பா. அதுவும் குட்டி மின்னல்தான். பெட்டியைச் சமையலறைச் சுவருக்கு மேலேயே வைத்திருந்தேன். மிக்ஸி மட்டும் இல்லை. இன்வெர்ட்டர், போன் சார்ஜர், கூடத்தில் இருக்கிற எல்.இ.டி. விளக்கு ஒன்று, எல்லாம் சேர்ந்து அதன் காதில் கத்துகின்றன. மூன்று வாரத்தில் மின்னலைப் பிடிக்கக் கற்றதைவிட, நம் வீடு எவ்வளவு சத்தம் போடுகிறது என்று கற்றதுதான் அதிகம்.

9:41
மாமா: பெட்டிக்கு மின்சாரம் எங்கிருந்து?

9:42
நான்: போன் சார்ஜரிலிருந்து மாமா.

9:44
மாமா: அதை முதலில் மாற்று. காதுக்குள்ளேயே வண்டை விட்டுவிட்டு வெளிச்சத்தம் கேட்கிறாய். பவர் பேங்க்கும் வேண்டாம், அதற்குள்ளும் அதே சுவிட்ச் வேலைதான் நடக்கிறது. ஒரு லித்தியம் செல், சாதாரண ரெகுலேட்டர், அது போதும். வைஃபை பலகையையும் சுருளுக்குப் பக்கத்தில் வைக்காதே, ஒரு முழமாவது தள்ளி வை.

9:45
நான்: இன்றைக்கே மாற்றுகிறேன் மாமா 🙏

10:10
பெங்களூரு அண்ணன்: மின்னல் எங்கே அடிக்கிறது என்று தாமினி செயலியே காட்டுகிறதே. புனேயில் இருக்கிற வெப்பமண்டல வானிலை நிறுவனத்தார் நாடு முழுக்க உணரிகள் வைத்து நடத்துகிறார்கள். அதைவிட உன் ஒற்றைப் பெட்டி என்ன புதிதாகச் சொல்லப்போகிறது?

10:19
நான்: தாமினி என் போனில் இருக்கிறது அண்ணா, தினமும் பார்க்கிறேன். பல உணரிகளுக்கு அலை வந்து சேர்ந்த நேரத்தை ஒப்பிட்டு இடத்தையே சொல்கிறார்கள். என் பெட்டியால் அது முடியாது. ஆனால் சித்தப்பா வயலுக்குக் கொண்டுபோவது பட்டன் போன். வயலில் நெட் எடுப்பதும் இல்லை. போன புரட்டாசியில் புளியமரத்தடியில் இரண்டு ஆடு போனதே, அன்றைக்கு நம் எல்லார் போனிலும் தாமினி இருந்தது. சித்தி அந்த மரத்தடியிலிருந்து எழுந்து வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

10:21
சித்தி: அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

10:27
நான்: அதனால்தான் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு சிவப்பு விளக்கும் ஒரு சைரனும் வைக்கப்போகிறேன். வீட்டிலிருந்து வயல் அரை கிலோமீட்டர்தான், நேர் பார்வை. போன் எடுக்க வேண்டாம், நிமிர்ந்து பார்த்தால் போதும்.

10:30
பெங்களூரு அண்ணன்: சரி, புரிகிறது. ஆனால் சட்னிக்கெல்லாம் சைரன் அடித்தால் மூன்றாம் நாளே சித்தப்பா அதைக் கண்டுகொள்ள மாட்டார்.

10:34
மாமா: பத்துத் தடவை பொய்யாக அடித்தாலும் பரவாயில்லை, ஒரு தடவை அடிக்காமல் விடக்கூடாது.

10:48
நான்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அதில்தான் முழித்துக்கொண்டிருந்தேன். 15 நிமிடத்தில் 1, 5, 9, 16, இத்தனை வெட்டு கேட்ட பிறகே சொல் என்று சில்லுக்குக் கட்டளை இடலாம். 5 என்று வைத்தால் பொய் குறையும், ஆனால் முதல் நான்கு வெட்டு வீணாகிவிடும். அதனால் சில்லில் 1தான் வைக்கிறேன். எண்ணுகிற வேலையை என் நிரலில் செய்கிறேன். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு வெட்டு என்றால் விளக்கு. 14 கிலோமீட்டர் அல்லது அதற்குள் என்றால் சைரன். விளக்கு சும்மா எரிந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

10:50
மாமா: நல்ல முடிவு. ஒன்று மட்டும் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள், இது இடிதாங்கி இல்லை. வீட்டைக் காப்பாற்றாது. விளக்கு எரியவில்லை என்பதற்காக வயலில் நிற்கவும் கூடாது. இடிச்சத்தம் காதில் விழுந்தால் அந்த மின்னல் உன்னைத் தொடும் தூரத்தில் இருக்கிறது. பெட்டி என்ன சொன்னாலும் உள்ளே போ.

10:58
சித்தி: அப்பத்தா கேட்கிறார்கள், அர்ஜுனா அர்ஜுனா என்று சொல்வதை விட்டுவிட வேண்டுமா என்று.

11:01
நான்: விட வேண்டாம் சித்தி. வீட்டுக்குள் வந்து சொல்லச் சொல்லுங்கள்.

11:20
தம்பி: அக்கா, இந்த மாதிரி பெட்டி முதலில் யார் செய்தது? செமினாருக்கு வேண்டும்.

11:27
நான்: 1895இல் ரஷ்யாவில் பொப்போவ். கண்ணாடிக் குழாயில் உலோகத் தூள் போட்டு வைத்திருந்தார். மின்னலின் அலை வந்தால் தூள் ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரம் பாயும், மணி அடிக்கும். அந்த மணியின் சுத்தியலே குழாயையும் தட்டித் தூளை உதறிவிடும், அடுத்த மின்னலுக்குத் தயார். சில்லும் இல்லை, நிரலும் இல்லை. படிக்கும்போது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இரவு 9:15
நான்: பெட்டியை நெல் மூட்டை அறைக்கு மாற்றிவிட்டேன். லித்தியம் செல்லும் போட்டாயிற்று. சித்தி, இப்போது மிக்ஸி போடுங்கள்.

9:18
சித்தி: போட்டேன். மாவு மில்லும் ஓட்டினேன்.

9:19
நான்: ஒன்றும் எழுதவில்லை!! கேஸ் லைட்டரைச் சுருளுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினால் மட்டும் ‘இடைஞ்சல்’ என்று எழுதுகிறது. அதையும் மின்னல் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை

மாலை 3:54
நான்: 37 கிலோமீட்டர், இரண்டு வெட்டு. விளக்கு எரிகிறது. மேற்கே பொன்னமராவதிப் பக்கம் கருத்திருக்கிறது, இங்கே இன்னும் வெயில்.

4:06
நான்: 31.

4:07
பெங்களூரு அண்ணன்: மிக்ஸி இல்லையே?

4:08
சித்தி: இல்லை தம்பி, கரண்டே இல்லை.

4:21
நான்: 24. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

4:31
நான்: 17

4:36
நான்: 14. சைரன் அடிக்கிறது. தம்பி, மாடிக்குப் போகாதே, கூடத்து ஜன்னல் வழியாகப் பார். சித்தப்பா தெரிகிறாரா?

4:38
தம்பி: அப்பா ஆட்டை ஓட்டிக்கொண்டு வரப்பில் வருகிறார். வேகமாகத்தான் வருகிறார்.

4:46
சித்தி: வந்துவிட்டார். பதினொரு ஆடும் கொட்டிலில் 🙏🙏 இதுவரை ஒரு இடிகூடக் காதில் விழவில்லை.

4:51
தம்பி: முதல் இடி இப்போதுதான் கேட்டது. வெளிச்சத்திலிருந்து 27 எண்ணினேன் அக்கா. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் 9. பெட்டி என்ன சொல்கிறது?

4:52
நான்: 10.

4:52
தம்பி: 😮

4:53
மாமா: சபாஷ் மருமகளே.

5:09
நான்: தலைக்குமேல் வந்துவிட்டது. டிவி, மோட்டார் பிளக் எல்லாம் எடுத்துவிட்டீர்களா சித்தி?

5:10
சித்தி: எடுத்தாயிற்று. அப்பத்தா அர்ஜுனனைக் கூப்பிட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

6:02
சித்தப்பா: மழை விட்டுவிட்டது. மடை உடைத்துக்கொள்ளும், போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா பாப்பா?

6:03
நான்: வேண்டாம் சித்தப்பா. இப்போதுதான் 8 கிலோமீட்டரில் ஒன்று. மழை விட்ட பிறகும் வெட்டும். கடைசி இடியிலிருந்து அரை மணி நேரம் இருங்கள்.

6:05
சித்தப்பா: கேட்டது, மெதுவாக உறுமுகிறது. சரி, இருக்கிறேன்.

6:12
நான்: 14. கிழக்கே நகர்கிறது என்று நினைக்கிறேன், வெளிச்சம் அந்தப் பக்கம்தான் தெரிகிறது. மழைமானியில் 38 மில்லிமீட்டர்.

6:13
பெரியம்மா: இங்கே புதுக்கோட்டையில் நல்ல காற்று, தூறல் ஆரம்பம். அம்மா, அந்த மாதிரி விளக்கு ஒன்று எங்கள் வீட்டு மாடிக்கும் செய்து தருவாயா? எதிர்க் காலி மனையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், நான் இப்போது போய்க் கூப்பிடப் போகிறேன்.

6:14
நான்: வாசலில் நின்றே கூப்பிடுங்கள் பெரியம்மா, இறங்க வேண்டாம். சில்லு வந்ததும் உங்களுக்குத்தான் அடுத்தது.

6:43
நான்: கடைசி வெட்டு 6:12. அரை மணி ஆகிவிட்டது, இடியும் கேட்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டேன்.

6:44
சித்தப்பா: மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.