அமைதியான ஊரில் தூக்கம் வரவில்லை, வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பெருநகரத்தை விட்டு, தெருமுனை தாண்டினாலே வயல் தெரிகிற சின்ன நகரத்துக்குக் குடிவந்து 3 மாதம் ஆகிறது. பகல் சொர்க்கம். ராத்திரிதான் பிரச்சினை. தவளைச் சத்தம், தூரத்து ரயில், விடியுமுன்பே கூவும் சேவல், எல்லாம் காதுக்குள்ளேயே கேட்கிறது. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடுவதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் வருமாம். படுக்கையறைச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லிவிட்டது. அதைச் சேவலிடம் யார் சொல்வது?

ஜன்னலை மூடினால் புழுக்கம். காதில் பஞ்சு வைத்தால் அலாரம் கேட்பதில்லை. மின்விசிறியை வேகமாக ஓடவிட்டால் கொஞ்சம் தேவலை.

இப்படி இடம் மாறியவர்களுக்குப் பழக எத்தனை நாள் ஆனது? அப்புறம், ஜன்னல் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினால் பலன் உண்டா?