மூளைக்குள்ள வலி சுவிட்ச் இருக்கா இல்லையா?

மின்னல்முருகன்:
நடுமூளைல பிஏஜினு ஒரு இடம் இருக்கு, முழுப்பேரு பெரியாக்விடக்டல் கிரே, மூளைத்தண்ணி இறங்குற குறுகலான குழாயச் சுத்தி இருக்கற சாம்பல் திசு. 1969ல ரெனால்ட்ஸ்ங்கறவர் எலிக்கு அங்க எலக்ட்ரோட் வச்சு கரண்ட் குடுத்துக்கிட்டே மயக்கமருந்து இல்லாம வயித்தத் திறந்து ஆபரேஷன் பண்ணிட்டார், எலி முழிச்சிட்டுதான் இருந்துச்சு, வலிச்ச மாதிரியே காட்டிக்கல. சுவிட்ச் எங்கன்னு தெரிஞ்சு அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் மாத்திரையவே நீட்டிட்டு இருக்காங்க. மருந்து கம்பெனி லாபத்த விட்டா இதுக்கு வேற என்ன காரணம்?

கயல்:
மனுஷங்களுக்கும் வச்சுப் பாத்தாச்சு ஜி. 1977ல ஹோசோபுச்சி குழு அதே பகுதில எலக்ட்ரோட் வச்சாங்க, வலி கொறஞ்சது, ஓபியாய்ட, அதாவது மார்ஃபின் மாதிரி கெமிக்கல அடைக்கற நாலக்ஸோன் மருந்து போட்டதும் அந்த நிவாரணம் போயிடுச்சு, அதாவது உடம்போட சொந்த ஓபியாய்டுதான் உள்ள வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுவரைக்கும் சரி. ஆனா பிஏஜிய தூண்டினப்ப சில பேருக்கு காரணமே இல்லாம பயங்கர பீதி வந்திருக்கு, கண்ணுமுன்னாடி எல்லாம் ஆடியிருக்கு. பெரிய ட்ரையல்ல, ஒரு வருஷம் கழிச்சு பாதிப் பேருக்காவது பாதி வலி கொறையணும்னு வச்ச இலக்கையே தொட முடியல. இதுல கம்பெனி சதி எங்க வருது? எலக்ட்ரோட் விக்கறதும் கம்பெனிதானே.

டாக்டர்இல்ல:
ரெண்டு பேரும் சண்டை போடறதுக்கு முன்னாடி வயரிங்க பாத்துடுங்க. பிஏஜி வலிய நேரா நிறுத்தல, முகுளத்துக்கு சொல்லுது, முகுளம் தண்டுவடத்துல வலி சிக்னல் நுழையற இடத்துக்கு ஆள் அனுப்புது. பிஏஜில இருந்து கீழ இறங்குற செல்லுங்கள காபாங்கற அடக்கற கெமிக்கல் எப்பவும் அமுக்கிப் பிடிச்சிட்டு இருக்கும். மார்ஃபின் அந்த காபா வெளிய வர்றத கொறைக்குது, பிடி விட்டதும் கீழ இறங்குற செல்லு சுடுது, அதாவது சிக்னல் அனுப்புது. முகுளத்துல வலிய கூட்டற ஆன் செல், கொறைக்கற ஆஃப் செல்னு ரெண்டு வகை, எலி சூட்டுல இருந்து வால இழுக்கறதுக்கு சற்று முன்னாடி ஆன் செல் படபடன்னு சுடும், ஆஃப் செல் சட்டுனு அடங்கிடும். மார்ஃபின் குடுத்தா இது தலைகீழ், ஆஃப் செல் நிக்காம ஓடிட்டே இருக்கும். எனக்கு இந்த விஷயத்துலயே பிடிச்ச இடம் இதுதான்.

மின்னல்முருகன்:
நீங்களே எனக்கு பாயிண்ட் எடுத்துக் குடுத்துட்டீங்க. காபாதான் பிரேக்னா காபாவ அடைக்கற மருந்த அங்க போட்டா முடிஞ்சது கதை.

கயல்:
அதையும் எலிக்கு போட்டுட்டாங்க. பிஏஜி ஒரே கட்டி இல்ல, நீளவாக்குல தூண் மாதிரி பத்தி பத்தியா பிரிஞ்சிருக்கு. கீழ்ப்பக்கப் பத்தில போட்டா வலி கொறையும், மேல்பக்கத்துல அதையே போட்டா எலி கூண்டுக்குள்ள தாவித் தாவி ஓடும், துரத்தற பூனை எதுவும் இல்லாமலே. மேல்பக்கம் ஓடு, எதிர்த்து நில்லுங்கற வேலை, கீழ்ப்பக்கம் ஒடுங்கிக் கிடங்கற வேலை, வலி கொறையறது இது ரெண்டோட சேந்து வர்றது. உயிருக்கு ஓடறப்ப கால் காயம் தெரியக்கூடாதுல்ல. இத வலிக்குன்னே செஞ்ச சுவிட்ச்னு சொன்னா எப்படி?

சும்மாபடிக்கிறேன்:
நடுவுல வரேன், இந்த பிளாசிபோவுக்கும், அதாவது வெத்து மருந்துலயே வலி கொறையறதுக்கும், இதுக்கும் சம்பந்தம் உண்டா? அப்ப வலி எல்லாம் மனசுலதான்னு சொல்றவங்க சரிதானா

டாக்டர்இல்ல:
சம்பந்தம் உண்டு, ஆனா அந்த முடிவு தப்பு. 1978ல பல் பிடுங்கினவங்கள வச்சு லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூணு பேரும் பாத்தாங்க, வெத்து மருந்துல நிவாரணம் கிடைச்சவங்களுக்கு நாலக்ஸோன் குடுத்ததும் வலி ஏறுச்சு. எதிர்பார்ப்பே பிஏஜி வழியா ஓபியாய்ட கிளப்புதுன்னு பின்னாடி ஸ்கேன்லயும் பாத்திருக்காங்க. வலி கற்பனைன்னு ஆகாது, அத கொறைக்கற கெமிக்கலும் நிஜம்னுதான் ஆகும்.

மின்னல்முருகன்:
எல்லாம் சரி, எல்லாருமே கொறைக்குதுன்னுதானே சொல்றீங்க. குறி தப்புது, அவ்ளோதான் பிரச்சனை. எலக்ட்ரோட சரியான பத்தில வச்சா என் வாதம் நிக்கும்.

கயல்:
நிக்காது. நரம்புல காயம் பண்ணின எலிக்கு முகுளத்துல லிடோகெய்ன் போட்டு அந்த இடத்தையே மரக்க வச்சாங்க, வலி கூடல, கொறஞ்சுச்சு. அப்ப அது நாள்பட்ட வலிய மேல இருந்து ஊத்திட்டு இருந்திருக்கு. அதே பாதைதான் கொறைக்கவும் செய்யுது, கூட்டவும் செய்யுது, செரோடோனின்ங்கற நரம்பு கெமிக்கலும் செல்லுல எந்த ரிசப்டர்ல போய் உக்காருதோ அதப் பொறுத்து ரெண்டு பக்கமும் ஆடுது. நீங்க சொல்ற எலி அடிபடாத எலி, நாள்பட்ட வலிக்காரங்க அந்த எலி இல்ல.

மின்னல்முருகன்:
அப்ப அந்த கூட்டற செல்ல மட்டும் அடக்கற வழிய தேடுங்க மேடம், நானும் அதத்தான் கேக்கறேன்.

கயல்:
முதல் போஸ்ட்ல நீங்க கேட்டது அது இல்லயே, கரண்ட் குடுன்னு கேட்டீங்க.