ஆஸ்பத்திரியில் மறந்த சிகரெட் வீட்டில் கூப்பிடுகிறது

கேள்வி: நெஞ்சுவலி, ஸ்டென்ட், 6 நாள் படுக்கை. அங்கே நர்ஸ் தினமும் விசாரித்தார். சிகரெட் நினைப்பே பெரிதாக வரவில்லை. வீட்டுக்கு வந்து 4 நாள்தான் ஆகிறது. காலையில் காபி டம்ளரை எடுத்தாலே இன்னொரு கை சட்டைப் பையைத் தடவுகிறது. 25 வருஷப் பழக்கம். என்ன செய்யலாம்?

பதில் 1: 1800-11-2356, புகையிலையை விட உதவும் இலவச எண். நான் பேசினேன். விடும் நாளைக் குறிக்கச் சொன்னார்கள், அப்புறம் அவர்களே திரும்ப அழைத்தார்கள். வீட்டில் ஒளித்து வைத்த பெட்டியை முதலில் தூக்கிப் போடுங்கள். ஒளித்திருப்பீர்கள், தெரியும்.

பதில் 2: இதய டாக்டரிடம் கேட்டுவிட்டு நிகோடின் சூயிங்கம் பாருங்கள். மிட்டாய் மாதிரி மெல்லக்கூடாது. சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கணும். காபி குடித்து கால் மணி நேரம் கழித்துத்தான்.

கேட்டவர்: அடடா, டாக்டர் தந்த நிகோடின் சூயிங்கத்தை மிட்டாய் மாதிரி மென்றுதான் நேற்று விக்கல் எடுத்தது! பெட்டி பீரோ மேலே இருக்கிறது. மனைவியிடம் சொல்லிவிட்டேன்.