மாடல் 240 மி.மீ. காட்டுது, வாளியில 30தான்: கடலூருக்கு எதை நம்புறது?

செம்மண்டலம்:
தாழ்வு மண்டலம் நம்ம பக்கம் வருதாம். ஆப்ல ஜிஎஃப்எஸ் (அமெரிக்க வானிலை மாடல், அதாவது கம்ப்யூட்டர் கணிப்பு) போட்டா கடலூருக்கு 240 மி.மீ. மழை, ஐரோப்பிய மாடல் போட்டா 60. போன தடவையும் இப்படித்தான் 240 காட்டுச்சு, வாளியில ஸ்கேல் வச்சா 30. கடைச் சரக்கு தரையில இருக்கு. மேல ஏத்தணுமா?

முதுநகர்:
ஆப்ல மழைக் கலரை மூடிட்டு 850 எச்பிஏ (காத்தழுத்த அளவு) காத்துப் படத்தைத் திறங்க, அது சுமார் ஒன்றரை கி.மீ. உயரம். தாழ்வு மண்டலத்தோட மையம் எங்க கரை ஏறுதுன்னு மட்டும் பாருங்க. மையத்துக்கு வடக்க கடல்காத்து ஈரத்தோட உள்ள வரும், தெற்க தரைக்காத்து வெளிய போகும். பரங்கிப்பேட்டையில ஏறினா கடலூருக்கும் புதுச்சேரிக்கும் செம அடி. மரக்காணத்துல ஏறினா நமக்குப் பெரும்பாலும் தூறலோட போயிடும். ரெண்டுக்கும் நடுவுல 100 கி.மீ. கூட இல்ல; ரெண்டு நாள் முன்னாடி மாடல் அவ்வளவு பிசகுறது சகஜம். 240ம் 60ம் சண்டை போடுறது இதனாலதான்.

ஜிஎஃப்எஸ் காலை 5.30, 11.30, மாலை 5.30, இரவு 11.30 நிலவரத்தை வச்சு ஓடும். படம் வர நாலஞ்சு மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்கு நீங்க பாக்குறது முந்தின ராத்திரி ரன் (ஒரு தடவை ஓடின கணிப்பு). தொடர்ந்து மூணு ரன் மையத்தை ஒரே இடத்துல வச்சா நம்பலாம்.

லாஸ்பேட்டை:
வேகத்தையும் பாக்கணும். நகராம நின்னா எந்தக் கணக்கும் நிக்காது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட ஏறி மணிக்கணக்கா அசையல. மறுநாள் காலைக்குள்ள புதுச்சேரியில 46 செ.மீ.க்கு மேல. அதுக்கு முந்தைய உச்சம் 2004ல வந்த 21 செ.மீ.தான்.

அந்தத் தடவை கடலூரை மூழ்கடிச்சது உள்ளூர் மழை மட்டுமில்ல. ஊத்தங்கரைப் பக்கம் கொட்டினது சாத்தனூர் அணை வழியா தென்பெண்ணையில வந்துச்சு, விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல. ஆத்தோரக் கடைன்னா மழை விட்டதும் சரக்கை இறக்கிடாதீங்க.

செம்மண்டலம்:
ரேடார் எது பாக்குறது, சென்னையா காரைக்காலா?

முதுநகர்:
காரைக்கால். சென்னை 160 கி.மீ. தள்ளி, அதோட அரை டிகிரி சாய்வுல போற கதிர் நம்ம தலைக்கு மேல கிட்டத்தட்ட 3 கி.மீ. உயரத்துல போகும், தாழ்வான மழை மேகம் தப்பிடும். காரைக்கால் கதிர் ஒன்றரை கி.மீ.க்குள்ள இருக்கும். ராத்திரி 2லருந்து காலை 7 வரை விடாம பாருங்க: தரைக்காத்து கடல்காத்தோட மோதி கரையோரமே மேகம் கட்டும். ஒரே தடத்துல மேகப் பட்டை அடுத்தடுத்து ஏறினா, ஒவ்வொண்ணும் சின்னதா இருந்தாலும் சேர்த்து வெள்ளம்தான்.

லாஸ்பேட்டை:
வாளியில ஸ்கேல் வைக்காதீங்க. அடி குறுகல், அதனால மழையைக் கூட்டிக் காட்டும். உங்க 30 உண்மையில இன்னும் கம்மி. தண்ணிய மில்லிலிட்டர்ல அளந்து வாயோட பரப்பால வகுங்க. வாய் விட்டம் 20 செ.மீ.ன்னா பரப்பு 314, 3140 மி.லி. வந்தா 10 செ.மீ. மழை. வானிலை மையக் கணக்கு காலை 8.30லருந்து மறுநாள் 8.30 வரை. ஆப் பல நேரம் நள்ளிரவுலருந்து எண்ணும், ரெண்டையும் ஒப்பிட்டா குழப்பம்தான்.

சரக்குக்கு: வானிலை மைய எச்சரிக்கையில ஆரஞ்சுன்னா ஒரு நாள் மழை 115.6 முதல் 204.4 மி.மீ. வரை, சிவப்புன்னா 204.5லருந்து. ஆரஞ்சு வந்தாலே ஏத்திடுங்க. சிவப்புக்குக் காத்திருந்தா ஆள் கிடைக்காது.